ஒரே ஒரு பிரதி: உடனடிப் புகைப்படமும் கேலாங் மாணவர் குறும்படமும்

கேலாங் ஈஸ்ட்டில் உள்ள ஸ்ரீ சிவன் கோயிலைப் பற்றி எங்கள் மாணவர்கள் நால்வர் குறும்படம் எடுத்தார்கள். கோயில் எப்போதும் அங்கேதான் இருந்தது என்று நினைத்திருந்தார்கள். ஒரு மாணவியின் பாட்டிதான், "நாங்க சாமி கும்பிட்டப்போ கோயில் ஆர்ச்சர்ட் ரோட்டுல இருந்துச்சும்மா" என்று சொல்லி, அலமாரியிலிருந்து ஒரு போலராய்டு படத்தை எடுத்துக் கொடுத்தார். பழைய கோயில் வாசலில் குடும்பமே நிற்கிறது.

எம்.ஆர்.டி. பணிக்காக அந்த இடம் தேவைப்பட்டதால், 1983இல் கோயில் அங்கிருந்து அகன்றது. சிராங்கூன் சாலையில் தற்காலிகமாக இருந்தபின், 1993இல் கேலாங் ஈஸ்ட்டில் குடமுழுக்கு கண்டது. பழைய கட்டடம் இன்று இல்லை. அந்தக் குடும்பத்திடம் இருக்கும் சான்று அந்தப் படம் மட்டுமே. அதற்கு நெகட்டிவும் கிடையாது.

தகட்டிலிருந்து தாளுக்கு

சிங்கப்பூரில் புகைப்படக் கலை தொடங்கியதே இப்படிப்பட்ட 'ஒற்றைப் பிரதி'யில்தான். 1840களில் இங்கு வந்த டாகுரோடைப் முறையில், வெள்ளி பூசிய செப்புத் தகட்டிலேயே படம் பதியும்; பிரதி எடுக்க முடியாது. பிரெஞ்சுக்காரர் ஜூல் இத்தியே 1844இல் எடுத்த படகுத் துறைக் காட்சி தேசிய அரும்பொருளகத்தில் உள்ளது. முன்ஷி அப்துல்லாவும் இந்தப் புதுமையை வியந்து 'ஹிக்காயாட் அப்துல்லா'வில் எழுதியிருக்கிறார். தமிழ் வழித்தோன்றலான அவர், சிறு வயதில் மலாக்காவில் தமிழும் படித்தவர், மொழியாசிரியர். நம் தொழிலைச் சேர்ந்தவர் என்றே சொல்லலாம்!

பின்னர் நெகட்டிவ் முறை பரவியது. ஒரு படத்தைப் பல பிரதிகள் எடுக்க முடிந்தது. ஆனால் கழுவி அச்சிடும்வரை காத்திருக்க வேண்டும். 1943இல் எட்வின் லேண்ட் என்ற அமெரிக்கரிடம் அவருடைய சிறிய மகள், எடுத்த படத்தை உடனே ஏன் பார்க்க முடியவில்லை என்று கேட்டாள். அந்தக் கேள்வியிலிருந்து பிறந்ததே உடனடிப் படம். 1947இல் அதைச் செய்து காட்டினார். 1948இல் கேமரா விற்பனைக்கு வந்தது. 1972இல் வந்த எஸ்.எக்ஸ்.-70 கேமராவில் படம் தானாகவே வெளியே வந்து, கண்முன்னே தெளிந்தது. கீழே அகலமாக இருக்கும் வெள்ளை ஓரத்தில்தான் ரசாயனப் பசை அடைக்கப்பட்டிருக்கும். 2008இல் போலராய்டு நிறுவனம் பிலிம் தயாரிப்பை நிறுத்துவதாக அறிவித்தது. நெதர்லாந்தில் இருந்த ஆலையை ஒரு சிறு குழு காப்பாற்றி, 2010இல் புதிய பிலிமை வெளியிட்டது.

பளபளப்பை வென்ற விதம்

மாணவர்கள் முதலில் கைப்பேசியில் படம் பிடித்தார்கள். பாட்டியின் முகத்தின்மேல் கூரை விளக்கு வெள்ளைக் கோடாக விழுந்தது. படத்தின் மேல் பளபளப்பான பிளாஸ்டிக் ஏடு இருப்பதே காரணம். ஒரு பையன் சூடேறும் மேசை விளக்கைப் பக்கத்தில் கொண்டு வந்தான். "சூடு படக்கூடாதுப்பா!" என்று பாட்டி படத்தைப் பிடுங்கிக்கொண்டார். அவர் பயந்தது சரிதான். வெப்பமும் நீண்ட நேர வெளிச்சமும் இத்தகைய படங்களைக் கெடுத்துவிடும்.

பிறகு இப்படிச் செய்தோம்:

1. கூரை விளக்கை அணைத்து, திரைச்சீலையை மூடினோம். படத்தைக் கறுப்புத் துணிமேல் தட்டையாக வைத்து, ஓரத்தை மட்டும் தொட்டோம்.
2. கேமராவை முக்காலியில் பொருத்தி, படத்திற்கு நேர் மேலே இணையாக வைத்தோம்.
3. ஒரே வகை எல்.இ.டி. விளக்குகள் இரண்டை இரு பக்கமும் 45 பாகைச் சாய்வில், சம தூரத்தில் வைத்தோம்.
4. இரண்டு விளக்குகளின் முன்னும் ஒரே திசையில் போலரைசர் தாளை மாட்டினோம். லென்சில் இன்னொரு போலரைசரைப் பொருத்தி, பளபளப்பு மறையும்வரை மெல்லச் சுழற்றினோம். மேற்பரப்பிலிருந்து நேராகத் தெறிக்கும் ஒளி தடுக்கப்பட்டது. படத்தின் நிறங்களிலிருந்து சிதறி வரும் ஒளி மட்டும் உள்ளே வந்தது. வெளிச்சம் குறைந்ததால் ஷட்டரை அதிக நேரம் திறந்து வைக்க வேண்டியிருந்தது.

அந்த போலரைசர் தாளுக்கு 1929லேயே காப்புரிமை கோரியவரும் இதே எட்வின் லேண்ட்தான். 'போலராய்டு' என்ற பெயரும் அதிலிருந்தே வந்தது. அவர் உருவாக்கிய படத்தைப் பிரதி எடுக்க அவருடைய தாளே கைகொடுத்தது என்றதும், மாணவர்கள் "நெசமாவா சார்?" என்றார்கள்.

வெள்ளை ஓரத்தை வெட்டாமல் முழுதாகவும், பின்புறத்தைத் தனியாகவும் படம் எடுத்தோம். வரலாற்றுச் சான்றுக்கு அதன் ஓரமும் பின்புறமும்கூட முக்கியம். பின்னால் பாட்டியின் கையெழுத்தில் "சிவன் கோயில், தைப்பூசம்" என்று இருந்தது, ஆண்டு இல்லை. படத்தில் யார், எங்கே என்பது தெரிகிறது. எப்போது என்பதைப் பாட்டியிடம் கேட்டே எழுத வேண்டியிருந்தது. "பெரியவன் பொறந்த மறுவருஷம்" என்றார். மகனின் பிறப்புச் சான்றிதழ் மீதியைச் சொன்னது: 1979.

வகுப்பறை வினாக்கள்

1. டாகுரோடைப் படத்திற்கும் போலராய்டு படத்திற்கும் உள்ள ஓர் ஒற்றுமையையும் ஒரு வேற்றுமையையும் விளக்குக.
2. பாட்டியின் படம் எவற்றைத் தானே நிறுவுகிறது? எவற்றுக்கு வேறு சான்று தேவை?
3. உங்கள் வீட்டிலுள்ள பழைய படம் ஒன்றைப் பற்றி, பெரியவர் ஒருவரிடம் கேட்டறிந்து 150 சொற்களில் எழுதுக.