திரைப்படத்தில் வேற்றுமொழி மாந்தர் பேச்சு

முன்னுரை

உரோமப் படைத்தலைவனும், உருசிய நீர்மூழ்கிக் கப்பலின் தலைவனும், ஜெர்மானிய வழக்கறிஞனும் ஆங்கிலத் திரைப்படங்களில் பெரும்பாலும் ஆங்கிலமே பேசுகின்றனர். இதனைப் படமெடுப்போரின் அறியாமை என்பர் சிலர். ஆங்கிலம் பேசுவோரின் செருக்கு என்பர் வேறு சிலர். இவ்விரண்டும் நிறைவான விடையாகா. இவ்வழக்கின் வரலாற்றையும், இது பொருந்தும் இடத்தையும் பொருந்தா இடத்தையும் ஆராய்வதே இக்கட்டுரையின் நோக்கமாகும்.

தொல்காப்பியர் அகப்பொருள் மரபு கூறுமிடத்து நாடக வழக்கு, உலகியல் வழக்கு என இரண்டினைச் சுட்டுவர். புனைந்துரை வகையாற் கொள்வது ஒன்று. உலகத்து நிகழ்வது மற்றொன்று. அப்பாகுபாடு ஈண்டும் நமக்குப் பெரிதும் துணை செய்யும்.

மேடை மரபு

கி.மு. 472-இல் ஏதென்சு நகரில் எஸ்கிலசு என்னும் புலவர் 'பாரசீகர்' என்ற நாடகத்தை அரங்கேற்றினார். கதை நிகழும் இடம் பாரசீகத் தலைநகர். மாந்தர் அனைவரும் பாரசீகர். அவர்கள் பேசுவதோ கிரேக்கச் செய்யுள். சாலமிசுக் கடற்போர் முடிந்து எட்டாண்டுகளே கழிந்திருந்த காலம் அது. பகைவரின் அரசி புலம்புவதை ஏதென்சு மக்கள் தம் தாய்மொழியிலேயே கேட்டனர். அவள் பாரசீக மொழியிற் பேசியிருப்பின், அவளது துயரம் அவர்க்கு வெற்றொலியாகவே முடிந்திருக்கும்.

ஷேக்ஸ்பியரின் உரோமரும் இவ்வாறே ஆங்கிலம் பேசினர். ஆயினும் அவரே 'ஐந்தாம் ஹென்றி' நாடகத்தில், பிரெஞ்சு இளவரசி தன் தோழியிடம் ஆங்கிலச் சொற்களைக் கற்கும் காட்சியைப் பெரும்பாலும் பிரெஞ்சு மொழியிலேயே அமைத்தார். முன்னதில் மொழி வேற்றுமை கதைப்பொருளன்று. பின்னதில் அதுவே கதைப்பொருள். இவ்வேறுபாடு உற்று நோக்கத்தக்கது.

பேசும் படத்தின் வருகை

பேசாப் படக் காலத்தில் இச்சிக்கல் எழவில்லை. இடையிடையே தோன்றும் எழுத்தட்டைகளை மாற்றினால் எந்நாட்டுப் படமும் எந்நாட்டிலும் ஓடும். 1927-இல் 'ஜாஸ் சிங்கர்' வெளிவந்த பின்னர் நிலை மாறிற்று. பாரமவுண்ட் நிறுவனம் 1930-இல் பாரிசு நகரை அடுத்த ஜுவான்வில் என்னுமிடத்தில், ஒரே கதையைப் பல மொழிகளிற் பல நடிகரைக் கொண்டு எடுக்கத் தொடங்கிற்று. 1931-இல் வெளிவந்த 'டிராகுலா' பகலில் ஆங்கிலத்திலும், அதே அரங்கில் இரவில் வேறு நடிகரைக் கொண்டு ஸ்பானிய மொழியிலும் படமாக்கப்பெற்றது. இம்முறை பெருஞ்செலவை விளைத்தமையின் நெடிது நிலைக்கவில்லை. குரல்மாற்றும் அடியெழுத்தும் அதன் இடத்தைப் பெற்றன.

இத்தாலி, ஜெர்மனி, ஸ்பெயின் முதலிய நாடுகள் குரல்மாற்றையே பெரிதும் தழுவின. ஆண்டு அமெரிக்க மாட்டிடையன் இத்தாலியம் பேசினான். எனவே இவ்வழக்கு ஆங்கிலத்திற்கே உரியதன்று. அமெரிக்காவிலோ உள்நாட்டு மக்களே பெருஞ்சந்தையாயினர். அவருள் பலர் அடியெழுத்துப் படித்துப் படம் பார்க்கும் பழக்கமில்லாதவர். புகழ்பெற்ற நடிகர் பேசவல்லதும் ஆங்கிலமே. இக்காரணங்கள் ஒருங்கு கூடியே அயல்நாட்டு மாந்தரை ஆங்கிலம் பேச வைத்தன. மொழி வேற்றுமையை உணர்த்த ஒலிப்பு வேற்றுமை பயன்பட்டது. 'ஸ்பார்ட்டகசு' (1960) படத்தில் உரோம மேன்மக்களாக ஒலிவியர், லாட்டன் முதலிய ஆங்கிலேயர் நடிக்க, அடிமை வீரனாக அமெரிக்கரான கிர்க் டக்ளசு நடித்தார்.

வழக்கினை வெளிப்படுத்திய படங்கள்

ஸ்டான்லி கிராமரின் 'நூரம்பர்க்கில் தீர்ப்பு' (1961) இவ்வழக்கினை மறையாது காட்டிற்று. மேக்சிமிலியன் ஷெல் நடித்த ஜெர்மானிய வழக்கறிஞன் தன் மொழியிற் பேசத் தொடங்குகிறான். மொழிபெயர்ப்பாளர் குரல் கேட்கிறது. கருவி அவன் முகத்தை நெருங்கியதும் அவன் பேச்சு ஆங்கிலமாகிறது. 'செவ்வக்டோபர் வேட்டை' (1990) படத்தில், இரு மொழிக்கும் பொதுவான 'அர்மகெதோன்' என்னுஞ் சொல்லில் உருசியம் ஆங்கிலமாக மாறுகிறது. பின்னர் அமெரிக்கர் கப்பலுள் புகும்போது உருசியம் மீளவும் ஒலிக்கிறது. இருமொழியினர் எதிர்ப்படுங்கால் நாடக வழக்கு விலகி உலகியல் வழக்கு இடம்பெறுதல் இதனாற் புலனாம்.

மறைந்துபோகும் மொழிபெயர்ப்பாளர்

இவ்வழக்கால் நேரும் இழப்பு இருமொழியினர் எதிர்ப்படும் இத்தகைய இடத்திலேதான் உளது. அதனை நம் நாட்டுப் படம் ஒன்றிலும் காணலாம். 'வீரபாண்டிய கட்டபொம்மன்' (1959) படத்தில் ஜாக்சன் துரை தமிழ் பேசுகிறான். கட்டபொம்மன் விடைகள் நேரே அவன்மேற் பாய்கின்றன; காட்சியின் ஆற்றலும் அந்நேர்மையிலேயே உள்ளது. ஆயின் கும்பினி ஆட்சியின் அன்றாட அலுவல்கள் துபாசிகள் வாயிலாகவே பெரிதும் நடந்தன. ஒருவர் சொல் மற்றொருவரைச் சென்றடையுமுன் மூன்றாமவர் ஒருவர் அதனைத் தாங்கி நின்றார். புதுச்சேரியில் துய்ப்ளேயின் துபாசியாக விளங்கிய ஆனந்தரங்கப் பிள்ளையின் நாட்குறிப்பு, அம்மூன்றாமவர் எத்துணைச் செல்வாக்குடையவர் என்பதற்குச் சான்றாகும். அனைவரையும் ஒரே மொழி பேச வைக்கும் படம் அவரை வரலாற்றினின்றே நீக்கிவிடுகிறது.

'ஷோகன்' தொலைக்காட்சித் தொடரின் இரு வடிவங்கள் இதற்கு மாற்றுக் காட்டுகின்றன. 1980-இல் வந்தது ஜப்பானியப் பேச்சுக்கு அடியெழுத்து இடாமல், அயலானாகிய ஆங்கில மாலுமியின் திகைப்பைப் பார்ப்போர்க்கும் உரியதாக்கிற்று. 2024-இல் வந்தது பெரும்பகுதி ஜப்பானிய மொழியிலேயே அமைந்து அடியெழுத்தால் விளக்கம் பெற்றது. அதிலும் போர்த்துகீசிய மொழிக்கு ஆங்கிலமே நின்றது என்பது குறிப்பிடத்தக்கது. ஆயினும் மொழிபெயர்க்கும் மாரிக்கோ எதை உரைக்கிறாள், எதை மாற்றுகிறாள் என்பதனைக் காண்போர் அறிய இயலுகிறது.

முடிவுரை

ஒருமொழியினர் தம்முட் பேசுங்கால், காண்போர் மொழி அவர்தம் மொழிக்கு நிற்றல் தொன்மையான நாடக வழக்காகும். அதனைக் குறையெனக் கொள்ளுதல் பொருந்தாது. இருமொழியினர் எதிர்ப்படும் இடத்திலோ, யார் பேசுவது யார்க்கு விளங்கிற்று என்பதே வரலாற்றுப் பொருளாகிறது. ஆண்டு ஒருமொழி வழக்கைக் கையாள்வோர் காட்சிக்கு விரைவு தேடி, இடைநின்றோரை இழப்பர். வரலாற்றுத் திரைப்படங்களையும் நாடகங்களையும் சான்றாகக் கொண்டு ஆராய்வோர், அவற்றிற் பேசப்படும் மொழி யாது என்பதோடு, உண்மையில் அவ்விடத்து மொழிபெயர்த்தவர் யார் என்பதையும் வினவுதல் வேண்டும்.