பதினேழு வயதில் சிறை சென்ற மாணவர்: அஹ்மத் கத்ராடாவின் தொடக்கக் காலம்

முதலில் படிப்பு, பிறகு வேலை, அதன் பிறகு பொதுச்சேவை என்றே நம் பிள்ளைகளுக்கு நாம் வரிசை வகுத்துத் தருகிறோம். இந்த வரிசையில் நியாயம் உண்டு. ஆயினும், அநீதி ஒரு பிள்ளையின் பள்ளிக்கூட வாசலிலேயே வந்து நிற்கும்போது அவ்வரிசை நிலைப்பதில்லை. தென்னாப்பிரிக்க விடுதலைப் போராட்டத்தின் முதன்மைத் தலைவர்களுள் ஒருவரான அஹ்மத் கத்ராடாவின் இளமை வரலாறு இதற்குச் சான்று.

1929ஆம் ஆண்டு ஆகஸ்ட் 21 அன்று, ஷ்வைட்சர்-ரெனகெ என்னும் சிற்றூரில், குஜராத்திலிருந்து குடியேறிக் கடை நடத்திவந்த ஒரு முஸ்லிம் குடும்பத்தில் அவர் பிறந்தார். அவ்வூரில் வெள்ளையருக்கு ஒரு பள்ளி இருந்தது. கறுப்பினத்தவருக்கு ஒரு பள்ளி இருந்தது. இந்தியப் பிள்ளைக்கு இரண்டிலும் இடமில்லை என்பது சட்டம். ஆகவே எட்டு வயதில் பெற்றோரைப் பிரிந்து, கல்விக்காக ஜோஹன்னஸ்பர்க் நகருக்கு அனுப்பப்பட்டார். உடன் விளையாடிய பிள்ளைகள் நடந்தே சென்ற பள்ளிக்கூடம், அவருக்கு மட்டும் வேறோர் ஊரில் இருந்தது.

ஜோஹன்னஸ்பர்கில் அவருக்குக் கிடைத்த பெரும்பேறு அங்கிருந்த பெரியவர்கள். மருத்துவர் யூசுஃப் தாதூ, மௌலவி இஸ்மாயில் கச்சாலியா, அவருடைய சகோதரர் யூசுஃப் கச்சாலியா ஆகியோர் நகரின் இந்தியச் சமூகத்தை வழிநடத்தியவர்கள். கச்சாலியா சகோதரர்களின் தந்தை காந்தியடிகளுடன் சத்தியாகிரகத்தில் நின்றவர். இவர்களின் நிழலில் வளர்ந்த கத்ராடா, பன்னிரண்டு வயதிலேயே இளம் கம்யூனிஸ்டுகள் அமைப்பில் சேர்ந்து துண்டறிக்கைகள் விநியோகிக்கத் தொடங்கினார். அவ்வமைப்பின் கொள்கையோடு நம்மில் பலருக்கு உடன்பாடு இல்லாதிருக்கலாம். ஆனால், அந்நாளில் எல்லா இனத்தவரையும் சமமாக ஏற்ற மிகச் சில அமைப்புகளுள் அது ஒன்று என்பதை வரலாறு மறுப்பதில்லை.

1946இல், இந்தியர்கள் எங்கே நிலம் வாங்கலாம், எங்கே குடியிருக்கலாம் என்று வரையறுக்கும் சட்டம் நிறைவேற்றப்பட்டது. அதனை எதிர்த்து ஜூன் 13 அன்று டர்பன் நகரில் தொண்டர்கள் தடைசெய்யப்பட்ட நிலத்தில் கூடாரமிட்டு அறப்போர் தொடங்கினர். வெள்ளைக் குண்டர்கள் தாக்கினார்கள். தொண்டர்கள் திருப்பித் தாக்கவில்லை. ஏறத்தாழ 2,000 பேர் சிறை சென்றனர். பள்ளிப் படிப்பை விட்டுவிட்டு இயக்கத்தின் முழுநேர ஊழியரான கத்ராடாவும் அவர்களுள் ஒருவர். பதினேழு வயதில், டர்பன் சிறையில் ஒரு மாதம். அதுவே அவருடைய முதற் சிறைவாசம்.

தமிழராகிய நமக்கு இந்த அறப்போரின் முன்வரலாறு அந்நியமானதன்று. 1913ஆம் ஆண்டுச் சத்தியாகிரகத்தில் சிறை சென்று, நோயுற்று, விடுதலையான சில நாட்களில் 1914 பிப்ரவரி 22 அன்று பதினாறு வயதில் உயிர்நீத்த தில்லையாடி வள்ளியம்மையும் இதே ஜோஹன்னஸ்பர்கில் வளர்ந்தவரே.

கத்ராடா தம் சமூகத்தின் குறையோடு நின்றுவிடவில்லை. இந்தியருக்கு நிலவுரிமை மறுக்கப்பட்டது என்றால், கறுப்பின மக்களுக்கோ நடமாடும் உரிமையே மறுக்கப்பட்டிருந்தது. 1952ஆம் ஆண்டின் சட்டமீறல் இயக்கத்தில் மண்டேலா, சிசுலு ஆகியோருடன் அவரும் குற்றம் சாட்டப்பட்டார். 1963இல் ரிவோனியாவில் கைதாகி, 1964 ஜூனில் ஆயுள் தண்டனை பெற்றார். ராபன் தீவுச் சிறையிலும் இனப்பாகுபாடு தொடர்ந்தது. இந்தியர் என்பதால் கத்ராடாவுக்கு நீண்ட காற்சட்டையும் ரொட்டியும் உண்டு. அவரினும் மூத்தவரான மண்டேலாவுக்கு அரைக்காற்சட்டை, ரொட்டி கிடையாது. தமக்குக் கிடைத்த இந்தச் சலுகையில் அவர் மனநிறைவு கொள்ளவில்லை. எல்லோருக்கும் ஒரே உணவு, ஒரே உடை என்று கைதிகள் ஒன்றாகப் போராடினார்கள். பள்ளியில் விட்ட கல்வியையும் அவர் சிறைக்குள்ளேயே தொடர்ந்து, நான்கு பட்டங்கள் பெற்றார். 1989 அக்டோபர் 15 அன்று விடுதலையானபோது அவருக்கு வயது அறுபது; இருபத்தாறு ஆண்டுகளுக்கு மேல் சிறையில் கழிந்திருந்தன.

1992இல் ஹஜ் கடமையை நிறைவேற்றினார். 1994இல் நாடாளுமன்ற உறுப்பினரானார். 2016இல், ஊழல் குற்றச்சாட்டுகளுக்கு ஆளாகியிருந்த அதிபர் ஜேக்கப் ஜுமா பதவி விலக வேண்டும் என்று பகிரங்கக் கடிதம் எழுதினார். ஜுமா அவருடைய சொந்தக் கட்சியைச் சேர்ந்தவர். ராபன் தீவில் சிறையிருந்தவரும்கூட. நமக்கும் நம் உறவினருக்கும் பாதகமாக இருப்பினும் நீதியில் உறுதியாக நிற்க வேண்டும் என்று ஸூரத்துந் நிஸாவின் 135ஆம் வசனம் நமக்கு இடும் கட்டளையை இவ்விடத்தில் நினைவுகூராமல் இருக்க இயலவில்லை. மறு ஆண்டு மார்ச் 28 அன்று அவர் மறைந்தார்.

நபி (ஸல்) அவர்கள் நபித்துவத்திற்கு முன், தம் இளமையில், ஹில்ஃபுல் ஃபுளூல் உடன்படிக்கையில் கலந்துகொண்டார்கள். மக்காவில் ஏமாற்றப்பட்ட வெளியூர் வணிகர் ஒருவருக்காகச் செய்யப்பட்ட உடன்படிக்கை அது. இஸ்லாம் வந்த பின்னரும் அத்தகைய அழைப்பு வந்தால் ஏற்பேன் என்று அவர்கள் அறிவித்தார்கள். உறவோ குலமோ இல்லாத ஒருவரின் உரிமைக்காக எழுவதும் நம் மார்க்கத்தின் பாடமே.

எல்லாப் பிள்ளைகளும் பள்ளியைத் துறந்து சிறை செல்ல வேண்டும் என்பதல்ல நாம் சொல்ல வருவது. ரமளானில் கஞ்சி விநியோகம், வெள்ளக் காலத்தில் நிவாரணப் பணி என நம் ஜமாஅத்துகளில் இளைஞர்கள் ஆர்வத்தோடு உழைக்கிறார்கள். அவர்களை அழைத்து, அடுத்த தெருவில் யாருக்கு உரிமை மறுக்கப்படுகிறது, அதற்கு நாம் என்ன செய்யலாம் என்று உடனிருந்து பேசும் பெரியவர்கள் எத்தனை பேர்? கத்ராடாவுக்குப் பன்னிரண்டு வயதில் அத்தகையோர் கிடைத்தார்கள். நம் பிள்ளைகளுக்கும் அவ்வாறே கிடைக்க வல்ல அல்லாஹ் அருள்புரிவானாக. அத்தகைய பெரியவர்களாக நம்மையும் ஆக்குவானாக.