வெயிலை முதலாக்கிய ஊர்

சிவகாசியில் ஒரு பெண் 'ஆபீசுக்குப் போறேன்' என்றால், மேசை நாற்காலியைக் கற்பனை செய்துகொள்ளக் கூடாது. தீப்பெட்டி ஆபீஸ், பட்டாசு ஆபீஸ் என்றுதான் தொழிற்கூடங்களை அந்த ஊர் அழைக்கிறது. இந்த ஆபீஸ்களின் கதை ஒரு ரயில் பயணத்தில் தொடங்குகிறது.

சிவகாசி வானம் பார்த்த பூமி. மழை பொய்த்தால் பிழைப்பும் பொய்த்துவிடும். போதாக்குறைக்கு 1899-இல் நடந்த 'சிவகாசிக் கொள்ளை' என்ற சாதிக் கலவரத்தின் நினைவு வேறு ஊரை விட்டு அகலவில்லை. அந்தக் கலவரத்தைப் பார்த்தவர்கள் பலர் உயிரோடிருந்த 1922-இல்தான், அய்ய நாடார், சண்முக நாடார் என்ற இரண்டு உறவினர்கள் கல்கத்தாவுக்குக் கிளம்பினார்கள். தீக்குச்சி செய்யக் கற்பதுதான் நோக்கம். மொழி தெரியாத ஊர், முன்பின் பழகாத தொழில், கையாளப்போவதோ நெருப்பு.

அவர்கள் போன நேரம் முக்கியமானது. இந்தியாவுக்குள் வரும் வெளிநாட்டுத் தீப்பெட்டிக்கு, ஒரு குரோஸுக்கு, அதாவது 144 பெட்டிக்கு, ஒன்றரை ரூபாய் வரி என்று அதே 1922-இல் அரசு உயர்த்தியது. உள்ளூர்ச் சரக்குக்குச் சந்தையில் இடம் பிறந்தது. ஸ்வீடன் நாட்டுத் தீப்பெட்டிப் பெருநிறுவனம் ஒன்றும் இதைக் கணக்குப் போட்டு, இந்தியாவிலேயே இயந்திரத் தொழிற்சாலைகளைத் தொடங்கியது. கரிசல் காட்டுச் சிற்றூர் போட்டியிட வேண்டியிருந்தது இப்படிப்பட்ட எதிராளியோடு!

திரும்பி வந்தவர்கள் ஜெர்மன் இயந்திரங்களை வரவழைத்துப் பார்த்தார்கள். கடைசியில் கைவேலைதான் கட்டுப்படியானது. எந்த வறட்சியைக் கண்டு ஊர் பயந்ததோ, அதுவே உதவிக்கு வந்தது: ஈரமில்லாத காற்றில் மருந்து முக்கிய குச்சி சீக்கிரம் காய்ந்தது. வெயிலே முதலானது என்று சொன்னால் மிகையில்லை.

அந்தக் கைவேலையை அருகில் நின்று பார்க்க வேண்டும். வரிவரியாகப் பள்ளம் வெட்டிய கட்டைகளில், ஒரு பள்ளத்துக்கு ஒரு குச்சி என்று பெண்கள் அடுக்கிக்கொண்டே போவார்கள். கண் வேறெங்கோ இருக்கும், விரல் தப்பாது. நிறைந்த கட்டைகளை ஒன்றன்மேல் ஒன்றாக வைத்துச் சட்டத்தில் இறுக்கி, மெழுகில் தோய்த்து, பிறகு மருந்தில் முக்குவார்கள். குச்சியின் தலையில் பொட்டாசியம் குளோரேட்டு, பெட்டியின் பக்கவாட்டில் சிவப்புப் பாஸ்பரஸ். இரண்டும் உரசினால்தான் தீ.

ஒன்று இன்னொன்றை இழுத்து வந்தது. பெட்டிக்கு லேபிள் தேவைப்பட, அச்சகங்கள் வந்தன. இரண்டாம் உலகப் போரில் வெளிநாட்டு வாணங்கள் நின்றுபோக, பட்டாசு வளர்ந்தது.

இந்த வெற்றிக்கு யார் விலை கொடுத்தார்கள் என்பதையும் சொல்லியாக வேண்டும். பள்ளிக்குப் போக வேண்டிய பிள்ளைகள் பல ஆண்டுகள் விடியுமுன்னே கட்டை அடுக்கப் போனார்கள். 2012 செப்டம்பரில் சிவகாசிக்கு அருகே முதலிப்பட்டியில் நடந்த பட்டாசு விபத்தில் 30-க்கும் மேற்பட்டோர் இறந்தார்கள். கல்கத்தா போனவர்களின் துணிச்சலைப் போற்றும் அளவுக்கு, அன்றாடம் மருந்தோடு புழங்கும் கைகளின் துணிச்சலை நாம் போற்றவில்லை. அது பெரிய குறை.

2021 டிசம்பரில் ஒரு ரூபாய்த் தீப்பெட்டி இரண்டு ரூபாயானது, 14 ஆண்டுகளுக்குப் பிறகு. அதற்குள் பிளாஸ்டிக் லைட்டர்கள் பெட்டிக்கடை வரை வந்துவிட்டன. 20 ரூபாய்க்குக் குறைந்த லைட்டர்களின் இறக்குமதிக்கு 2023 ஜூனில் மத்திய அரசு தடை விதித்தது. 1922-இன் வரிக்கு ஏறத்தாழ நூறாண்டு கழித்து, தீப்பெட்டிக்கு மறுபடியும் ஓர் இடைவெளி கிடைத்திருக்கிறது.