மார்த்தா ஸ்டூவர்ட்

மார்த்தா ஸ்டூவர்ட் (பிறப்பு: 3 ஆகஸ்ட் 1941) அமெரிக்கத் தொழில்முனைவோர், நூலாசிரியர், தொலைக்காட்சித் தொகுப்பாளர். சமையல், விருந்தோம்பல், தோட்டம், வீட்டு அலங்காரம் ஆகியவற்றைப் பொருளாகக் கொண்டு புத்தகம், இதழ், தொலைக்காட்சி, கடைச்சரக்கு என்று பல துறைகளிலும் இயங்கிய ‘மார்த்தா ஸ்டூவர்ட் லிவிங் ஆம்னிமீடியா’ நிறுவனத்தைத் தொடங்கியவர். சொந்த உழைப்பால் நூறு கோடி டாலர் சொத்துக்கு உரியவரான முதல் அமெரிக்கப் பெண் என்று அறியப்படுபவர். அவரைப் பற்றிய குறிப்புகள் பெரும்பாலும் கைத்திறனில் தொடங்கிச் சிறைவாசத்தில் முடிகின்றன. ஆனால் தொழில் வரலாற்றில் அவருக்கு இடம் தந்தது வேறொன்று: உயிரோடிருக்கும் ஒருவரின் பெயரையே முதலாகப் போட்டு நிறுவனம் கட்டலாம் என்பதை அவர் செய்து காட்டினார். அவருடைய ஏற்றம், வழக்கு, மீட்சி மூன்றும் அந்த முதலீட்டின் கதையே.

பின்னணியும் தொடக்கமும்

நியூ ஜெர்சி மாநிலத்தின் ஜெர்சி சிட்டியில் போலந்து வழிவந்த கோஸ்டைரா குடும்பத்தில் பிறந்தார். ஆறு பிள்ளைகளில் இரண்டாமவர். வளர்ந்தது அதே மாநிலத்தின் நட்லி நகரில். தோட்டவேலையைத் தந்தையிடமும் சமையலையும் தையலையும் தாயிடமும் கற்றார். நியூயார்க்கின் பர்னார்டு கல்லூரியில் பயின்றபின், 1960களின் பிற்பகுதியிலிருந்து 1973 வரை வால் ஸ்ட்ரீட்டில் பங்குத் தரகராக வேலை பார்த்தார். பெண்கள் அரிதாகவே நுழைந்த தொழில் அது. பிறகு கனெக்டிகட் மாநிலத்தின் வெஸ்ட்போர்ட்டில் தான் வாங்கிச் செப்பனிட்ட பழைய பண்ணை வீட்டின் நிலவறையில் 1976இல் கேட்டரிங் தொழிலைத் தொடங்கினார். 1982இல் வெளிவந்த ‘என்டர்டெய்னிங்’ என்ற விருந்தோம்பல் நூல் அவரை நாடறியச் செய்தது. பிற்காலத்தில் அவர் எடுத்த முடிவுகளைப் பார்த்தால், அடுப்படியில் கற்றதைப் போலவே பங்குச் சந்தையில் கற்றதும் அவருக்குக் கைகொடுத்தது தெரியும். ஒரு விருந்தைச் சமைத்தால் ஒரு நாள் வரும்படி. அந்த விருந்தின் செய்முறைக்கும் படத்துக்கும் அதைத் தாங்கும் பெயருக்கும் உரிமை இருந்தால் வரும்படி ஓயாது என்ற கணக்கு தரகருக்கு எளிதில் புரிந்திருக்கும்.

பெயரை உடைமையாக்கியது

வீட்டுக்கலையை விற்பனையாக்கியதில் புதுமை என்ன இருக்கிறது என்று கேட்கலாம். அமெரிக்கச் சமையலறைகள் பெட்டி குரோக்கர் என்ற பெயரை 1921 முதலே அறிந்திருந்தன. ஆனால் அப்படி ஒரு பெண் இருந்ததில்லை. வாடிக்கையாளரின் கடிதங்களுக்கு மறுமொழி எழுத ஒரு மாவு நிறுவனம் புனைந்த பெயர் அது. ஜூலியா சைல்டு உண்மையான பெண். 1963இல் தொடங்கிய தொலைக்காட்சி நிகழ்ச்சியால் பெரும்புகழ் பெற்றவர். அவரோ எந்தச் சரக்குக்கும் தன் பெயரைத் தர மறுத்தவர். முன்னது ஆளில்லாத பெயர். பின்னது விலைக்கு வராத பெயர். ஸ்டூவர்ட் இரண்டுக்கும் நடுவே இருந்த வெற்றிடத்தைக் கண்டுகொண்டார். 1987இல் மலிவு விலைக் கடைத்தொடரான கேமார்ட்டுடன் ஒப்பந்தம் செய்தார். 1990இல் டைம் நிறுவனத்தின் வெளியீடாக ‘மார்த்தா ஸ்டூவர்ட் லிவிங்’ இதழ் வந்தது. 1993இல் அதே பெயரில் தொலைக்காட்சி நிகழ்ச்சி. 1997இல், தன் பெயரில் வந்த இதழ் உள்ளிட்ட தொழில்களின் உரிமையைப் பதிப்பகத்திடமிருந்து விலை கொடுத்து மீட்டுத் தன் நிறுவனத்தின் கீழ்க் கொண்டுவந்தார். அவருடைய தொழில்வாழ்வின் திருப்புமுனையாகக் கொள்ளத்தக்கது இந்த மீட்பே. அதுவரை பெரும் பதிப்பகம் ஒன்றின் புகழ்பெற்ற ஆசிரியர், அதன்பின் முதலாளி. 1999 அக்டோபர் 19 அன்று நியூயார்க் பங்குச் சந்தையில் 18 டாலருக்கு வெளியிடப்பட்ட பங்கு, அன்று மாலை 35 டாலருக்கு மேல் முடிந்தது. ஸ்டூவர்ட் என்பது திருமணத்தால் வந்த பெயர். அந்த மணவாழ்வு சட்டப்படி முடிந்தது 1990இல், இதழ் தொடங்கிய அதே ஆண்டில். உறவு முறிந்தும் பெயரை அவர் விடவில்லை. அதற்குள் அது குடும்பப்பெயர் என்ற நிலையைக் கடந்து வணிகச் சின்னமாகிவிட்டிருந்தது.

அவர் காட்டிய வீடு வசதி படைத்தோரின் வீடு, சராசரிப் பெண்ணுக்கு அது எட்டாத கனவையும் கூடுதல் வேலையையும் தந்தது என்பது அவர்மீது நெடுங்காலமாக உள்ள குறை. இதழின் பக்கங்களை மட்டும் பார்த்தால் இதை மறுப்பது கடினம். ஆனால் அதே பெயர் தாங்கிய படுக்கை விரிப்பும் துண்டும் கேமார்ட்டில் எளியோர் வாங்கும் விலைக்குக் கிடைத்தன. ஏக்கத்தை இதழில் வளர்த்து, அதன் ஒரு துணுக்கைக் கடையில் கைக்கெட்டும்படி வைத்ததே அந்த வணிகத்தின் சூத்திரம். அதற்கும் மேலாக, ஊதியமில்லாத கடமையாகவே எண்ணப்பட்ட வீட்டுவேலைக்குத் துறைசார் அறிவு என்ற மதிப்பை அவர் வாங்கித் தந்தார். சுமை கூட்டினார் என்ற குறையும் மதிப்புக் கூட்டினார் என்ற பாராட்டும் ஒருசேர உண்மையாகலாம்.

வழக்கும் விளைவும்

பெயரே முதல் என்றால், பெயர் கெடும்போது முதலுக்கே மோசம். பங்கு வெளியீட்டு ஆவணமே, நிறுவனர் விலகினாலோ அவர் நற்பெயர் குலைந்தாலோ தொழில் பாதிக்கப்படும் என்று முதலீட்டாளரை எச்சரித்திருந்தது. 2001 டிசம்பர் 27 அன்று இம்குளோன் என்ற மருந்து நிறுவனத்தில் தன்னிடமிருந்த 3,928 பங்குகளையும் அவர் விற்றார். மறுநாள், அந்நிறுவனத்தின் புற்றுநோய் மருந்துக்கான விண்ணப்பத்தை அரசு ஏற்கவில்லை என்ற செய்தி வெளியாயிற்று. அதற்கு முன்பே இம்குளோன் தலைவர் தம் பங்குகளை விற்க முயன்ற தகவல் ஸ்டூவர்ட்டின் தரகரின் உதவியாளர் வழியாக அவரை எட்டியிருந்தது. அவர் தவிர்த்த இழப்பு ஏறத்தாழ 45,000 டாலர். 2004 மார்ச்சில் சதி, விசாரணைக்கு இடையூறு, பொய்யுரைத்தல் ஆகிய குற்றங்கள் உறுதியாகி, பின்னர் ஐந்து மாதச் சிறையும் ஐந்து மாத வீட்டுக்காவலும் தண்டனையாக விதிக்கப்பட்டன. பங்கு மோசடிக் குற்றச்சாட்டை நீதிபதி முன்னரே தள்ளிவிட்டார். புகழ்பெற்ற பெண் என்பதால் சிறு தொகைக்காக வேட்டையாடப்பட்டார் என்று பரிந்து பேசுவோர் உண்டு. தொகை சிறிதுதான், ஆனால் தீர்ப்பு தொகையைப் பற்றியதன்று, புலனாய்வாளரிடம் சொன்ன பொய்யைப் பற்றியது. இந்தத் தொகையையும் நிறுவனத்துக்கு நேர்ந்த சேதத்தையும் ஒப்பிட்டால், தன் பெயரின் மதிப்பை நன்கறிந்தவரே அதைக் காக்கத் தவறினார் என்றுதான் சொல்ல வேண்டும்.

வழக்கின்போது விளம்பரங்கள் குறைந்தன. தொலைக்காட்சி நிகழ்ச்சி நின்றது. இருப்பினும் மேற்கு வர்ஜினியாவின் ஆல்டர்சன் சிறையில் அவர் இருந்த மாதங்களில் நிறுவனப் பங்கின் விலை ஏறியது. தண்டனைக்குக் காலவரையறை இருந்தது. திரும்பி வரப்போகும் பெயருக்குச் சந்தை காத்திருந்தது. 2005 மார்ச்சில் வெளிவந்தவர் அதே ஆண்டு புதிய நிகழ்ச்சிகளோடு திரையில் தோன்றினார். பின்னர் மேசிஸ், ஜே.சி. பென்னி என்ற இரு பெருங்கடைத் தொடர்கள் அவர் பெயரிட்ட பொருள்களை விற்கும் உரிமைக்காக நீதிமன்றத்தில் மோதிக்கொண்டன. கெட்டுப்போன பெயருக்காக யாரும் வழக்காடுவதில்லை.

மதிப்பீடு

நிறுவனம் பழைய உச்சத்தை எட்டவில்லை. 2015இல் சீக்வென்ஷியல் பிராண்ட்ஸ் அதை ஏறத்தாழ 35 கோடி டாலருக்கு வாங்கியது. 2019இல் மார்க்கீ பிராண்ட்ஸ், சமையற்கலைஞர் எமரில் லகாசியின் வணிகப்பெயரையும் சேர்த்து 17.5 கோடி டாலருக்கு அதனை வாங்கிக்கொண்டது. மதிப்பு சரிந்ததை வைத்து, ஒருவர் பெயரில் கட்டிய தொழில் நிலைக்காது என்று வாதிடலாம். அச்சிதழ்களின் பொது வீழ்ச்சியையும் 2002இல் கேமார்ட் திவாலானதையும் கணக்கில் கொண்டால் அந்த வாதத்தின் பாதி வலு குறைகிறது. மீதிப் பாதி நிற்கத்தான் செய்கிறது. ஆனால் பெயர் மறையவில்லை. 2016இல் ராப் பாடகர் ஸ்னூப் டாக்குடன் சமையல் நிகழ்ச்சி நடத்தினார். 2023இல், 81ஆம் வயதில், ‘ஸ்போர்ட்ஸ் இல்லஸ்ட்ரேட்டட்’ நீச்சலுடைச் சிறப்பிதழின் அட்டையில் இடம்பெற்றார். 1997இல் அவர் மீட்டெடுத்த பெயரின் வணிக உரிமை இன்று பிறர் கையில். அதற்கு முகமாக இருப்பவர் இன்றும் அவரே. பெயர் தனிச் சொத்தாகிவிட்டால் உரியவரிடமிருந்தும் அதைப் பிரித்து விற்க முடியும் என்பது, அவரே தொடங்கிவைத்த வணிகமுறையின் இயல்பான முடிவு.