வேற்றுக்கிரகத்துக்குப் போன பாட்டு

1963இல் வெளிவந்த ‘கலை அரசி’ தமிழின் முதல் விண்வெளிக் கதைப் படங்களில் ஒன்று. இயக்கம் ஏ. காசிலிங்கம், இசை கே. வி. மகாதேவன். விஞ்ஞானத்தில் கரைகண்ட வேற்றுக்கிரகத்தாருக்கு ஆடல் பாடல் மட்டும் கைவரவில்லை. அதனால் பூமியில் நன்றாகப் பாடும் வாணியை விண்கலத்தில் தூக்கிச் செல்கிறார்கள். பொன்னோ மண்ணோ அல்ல, பாட்டு வாத்தியார்தான் வேண்டியிருக்கிறது! வாணியாக நடித்த பானுமதி கர்நாடக இசை பயின்றவர். தன் பாடல்களைச் சொந்தக் குரலில் பாடியவர். அந்தத் தேர்வு கதைக்கு அப்படியே பொருந்தியது.

1968இல் இயக்குநர் ஸ்டான்லி குப்ரிக், ‘2001: எ ஸ்பேஸ் ஒடிஸி’ என்ற விண்வெளிப் படத்துக்காக அலெக்ஸ் நார்த் எழுதிய இசையை ஒதுக்கிவிட்டு, யோஹான் ஸ்ட்ராஸின் வால்ட்ஸ் இசையில் விண்கலங்களை மிதக்கவிட்டார். அங்கே செவ்வியல் இசை காட்சிக்குப் பின்னணி. ‘கலை அரசி’யில் இசைதான் கதைக்கே காரணம். பின்னாளில் தமிழில் ‘எந்திரன்’ (2010) என்ற அறிவியல் புனைகதைப் படம் வந்தபோது ஏ. ஆர். ரகுமானின் மின்னணு ஒலிகள் முன்னுக்கு வந்திருந்தன.