மகமை: வணிகம் வளர்த்த பள்ளிகள்

வணிகர்கள் தங்கள் வியாபாரத்தில் ஒரு சிறு பங்கைப் பொதுக் காரியத்துக்கென ஒதுக்கும் வழக்கம் மகமை எனப்படும். அதன் வேர் இடைக்கால வணிகக் குழுக்களில் இருக்கிறது. உப்பு, நெல், மிளகு, பாக்கு, துணி முதலான சரக்குகளுக்குப் பொதிக்கு இவ்வளவு என்று வணிகர்கள் தாங்களே விதித்துக்கொண்டு கோயிலுக்கு அளித்ததைப் பிரான்மலையின் 13-ஆம் நூற்றாண்டுக் கல்வெட்டு பதிவுசெய்கிறது. பிற்காலத்தில் நகரத்தார் மகமை கோயில் திருப்பணிகளுக்கும் சத்திரங்களுக்கும் உதவியது. ஆனால், மகமை ஒரு வட்டாரத்தின் கல்வியையே மாற்றியமைத்தது விருதுநகர்ப் பகுதியில்தான்.

19-ஆம் நூற்றாண்டில் திருநெல்வேலிச் சீமையின் தென்பகுதியிலிருந்து நாடார் வணிகர்கள் மாட்டுவண்டிகளில் சரக்கேற்றி வடக்கே வந்தனர். வழிப்பறிக்கு அஞ்சி, சரக்கையும் வண்டி மாடுகளையும் காக்க மதில் சூழ்ந்த பேட்டைகளை அமைத்தனர். சிவகாசி, விருதுபட்டி (இன்றைய விருதுநகர்), திருமங்கலம், சாத்தங்குடி, பாலையம்பட்டி, அருப்புக்கோட்டை ஆகிய ஊர்களில் இவர்கள் வேரூன்றினர். பேட்டையைப் பயன்படுத்தியவர்கள் அதன் பராமரிப்புக்குச் செலுத்திய தொகையே இங்கு மகமையின் தொடக்கம். நாளடைவில் ஊருக்குள் நடந்த கொள்முதலுக்கும் விற்பனைக்கும் மூட்டைக் கணக்கில் அது விதிக்கப்பட்டது.

இந்த நிதியை நிர்வகித்தது உறவின்முறை. குடும்பத் தலைவர்கள் சேர்ந்த இச்சபையில் பொறுப்பு முறைவைத்து மாறியது. வரவும் செலவும் சபைக்குக் கணக்காகக் காட்டப்பட்டன. வியாபாரம் பெருகினால் நிதியும் பெருகும். மந்தமானாலும் அடியோடு நின்றுவிடாது. தனியொருவரின் தாராள மனத்தை நம்பாமல் தொழிலின் விதியாகவே அறம் அமைந்ததுதான் மகமையின் பலம்.

கிணறும் கோயிலும் சாவடியும் முதலில் எழுந்தன. பின்னர்ப் பள்ளிக்கூடங்கள் வந்தன. அக்காலத்தில் நாடார்களுக்குப் பல கோயில்களில் நுழையத் தடை இருந்தது. 1897-இல் நடந்த கமுதி கோயில் நுழைவு தொடர்பான வழக்கு லண்டன் பிரிவி கவுன்சில்வரை போயும் 1908-இல் தோல்வியில் முடிந்தது. மறுக்கப்பட்ட மதிப்பைக் கல்வியால் பெறலாம் என்ற உறுதி பள்ளிகளுக்கு உந்துதலானது. கமுதி நிகழ்வுக்கு முன்பே, அருப்புக்கோட்டையில் 1885-இலும் விருதுபட்டியில் 1889-இலும் சத்திரிய வித்தியாசாலைகள் உறவின்முறையின் ஆதரவில் தொடங்கின. சாதி உரிமைக்கான போராட்டத்திலிருந்து பிறந்தாலும், இப்பள்ளிகள் பிற சாதிப் பிள்ளைகளுக்கும் இடம் தந்தன.

விருதுபட்டிப் பள்ளிக்குக் கடைவீதி மட்டுமல்ல, வீட்டு அடுப்படியும் பங்களித்தது. உலை வைக்கும் முன் பெண்கள் ஒரு கைப்பிடி அரிசியைத் தனியே எடுத்துவைத்தனர். வீடு வீடாகச் சேகரிக்கப்பட்ட அந்தப் பிடி அரிசி பள்ளிச் செலவுக்கு உதவியது. மகமை கொடுக்கும் அளவுக்கு வியாபாரம் இல்லாத வீடும் இதனால் பள்ளிக்குக் கொடை தந்த வீடானது. 1903-இல் அவ்வூரில் பிறந்த காமராசர் அந்தப் பள்ளியில்தான் படித்தார்.

கூட்டு நிதியின் பழக்கம் பெரிய அமைப்புகளுக்கும் வழிகாட்டியது. 1910-இல் நாடார் மகாஜன சங்கமும், 1921-இல் தூத்துக்குடியில் நாடார் வங்கியும் தோன்றின. அவ்வங்கி 1962-இல் தமிழ்நாடு மெர்க்கன்டைல் வங்கி எனப் பெயர் மாறியது. விருதுநகரில் 1947-இல் செந்திக்குமார நாடார் கல்லூரி எழுந்தது.

காமராசர் முதலமைச்சரானபின் இதே வழி மாநிலமெங்கும் விரிந்தது. 1956-இல் மதிய உணவுத் திட்டம் ஊரார் தந்த தானியத்தையும் பணத்தையும் கொண்டே முதலில் நடந்தது. அதன்பிறகு அரசு மானியம் வந்தது. 1958 முதல் பள்ளிச் சீரமைப்பு மாநாடுகளில் ஊர்மக்களும் வணிகர்களும் கட்டடம், மேசை, நாற்காலி, கரும்பலகை எனப் பள்ளிகளுக்குக் கொடுத்தனர். ஒரு சமூகம் தன் பிள்ளைகளுக்காகப் பழகிய முறையை, ஊர்தோறும் எல்லாப் பிள்ளைகளுக்குமான கடமையாக அத்திட்டங்கள் விரித்தன.