நான்கு கார்டுகளின் வரலாறு: பெங்களூருவில் ஒரு தொடக்கப் பாடம்

பெங்களூருவில் இசை பயிலத் தொடங்கும் ஒருவர் முன் இன்று குறைந்தது இரண்டு தொடக்கப் பாடங்கள் உள்ளன. ஒன்று, மாயாமாளவகௌளை இராகத்தில் அமைந்த சரளி வரிசை. மற்றொன்று, உகுலேலே என்னும் சிறு கருவியின் நான்கு நைலான் தந்திகளில் பயிலும் சி, ஏ மைனர், எஃப், ஜி ஆகிய நான்கு கார்டுகள். முதற்பாடத்திற்கு ஒரு வரலாறு உண்டு என்பதை எவரும் மறுப்பதில்லை. அதை வகுத்தவர் புரந்தரதாசர் (1484–1564) என்பது கர்நாடக இசைமரபின் உறுதியான நம்பிக்கை. இரண்டாம் பாடத்திற்கோ வரலாறு இருப்பதாகவே பலர் எண்ணுவதில்லை. அது எளிது, எளிதானதற்கு வரலாறு எதற்கு என்பது பொதுவான மனநிலை. ஆனால் அந்த எளிமை தானாக அமைந்ததன்று. ஒப்பந்தத் தொழிலாளர், தச்சர், முடியிழந்த ஓர் அரசகுலம், அச்சுத்தொழில் எனப் பலரின் கைகள் சேர்ந்து உருவாக்கியது அது.

முதலில் பாடத்தைக் காண்போம். உகுலேலேயின் நான்கு தந்திகளும் இன்று பெரும்பாலும் ஜி, சி, இ, ஏ எனச் சுருதி சேர்க்கப்படுகின்றன. வாசிப்பவரின் முகத்துக்கு மிக அருகில் உள்ள ஜி தந்தி, அடுத்துள்ள சி தந்தியைவிட உயர்ந்த சுருதியில் ஒலிக்கும். மோதிர விரலை ஏ தந்தியின் மூன்றாம் மெட்டில் வைத்து நான்கு தந்திகளையும் மீட்டினால் சி கார்டு பிறக்கிறது. ஒரே விரல் போதும். நடுவிரலை ஜி தந்தியின் இரண்டாம் மெட்டில் வைத்தால் ஏ மைனர். அவ்விரலை எடுக்காமலே சுட்டுவிரலை இ தந்தியின் முதல் மெட்டில் சேர்த்தால் எஃப். மூன்று விரல்கள் ஒரு முக்கோணமாய் அமைந்தால் ஜி. இவற்றைத் தடங்கலின்றி மாற்றப் பழகியவர் எண்ணற்ற எளிய பாடல்களுக்குத் துணை வாசிக்க முடியும்.

இக்கருவியின் மூதாதையர் அட்லாண்டிக் பெருங்கடலில் உள்ள மதெய்ரா தீவினர். போர்த்துகல் நாட்டுக்கு உரிய அத்தீவிலிருந்து 400-க்கும் மேற்பட்டோரை ஏற்றிய ராவன்ஸ்கிராக் என்னும் கப்பல், 1879 ஆகஸ்டு 23 அன்று ஹவாயின் ஹொனலூலுவை அடைந்தது. அவர்கள் கரும்புத் தோட்டங்களுக்கு ஒப்பந்தக் கூலிகளாக வந்தவர்கள். அதே ஆண்டு மே மாதத்தில், கல்கத்தாவிலிருந்து புறப்பட்ட லியோனிடாஸ் கப்பல் முதல் இந்திய ஒப்பந்தத் தொழிலாளரைப் பிஜித் தீவில் இறக்கியிருந்தது. இரு கப்பல்களையும் பசிபிக் பெருங்கடலுக்கு இழுத்தது தோட்டப் பொருளாதாரமே. இந்தியக் கூலித்தொழிலாளரின் பாட்டும் பறையும் பெரும்பாலும் குடியிருப்பு வரிசைகளுக்குள்ளேயே நின்றுவிட, மதெய்ரா மக்களின் சிறு கருவி அரண்மனை வரை சென்றது.

அதற்குக் காரணமானோர் ராவன்ஸ்கிராக்கில் வந்த மூன்று மரத்தச்சர்கள்: மனுவேல் நுனெஸ், அகுஸ்தோ தியாஸ், ஜோசே தொ எஸ்பிரித்தோ சாந்தோ. தோட்ட ஒப்பந்தம் முடிந்தபின் அவர்கள் ஹொனலூலுவில் கடை வைத்து, உள்ளூர்க் கோவா மரத்தில் கருவிகள் செய்தனர். மதெய்ராவின் மச்செத்தே என்னும் கருவியின் உருவத்தையும், ரஜாவோ என்னும் மற்றொரு கருவியின் சுருதி அமைப்பையும் இணைத்ததன் விளைவே உகுலேலே என ஆய்வாளர் கருதுவர். தொடர்பு மொழிகளின் பிறப்பை அறிந்தோர்க்கு இது பழகிய காட்சி: ஒரு மொழியின் சொல்லும் மற்றொன்றின் இலக்கணமும் கூடிப் புதியது ஒன்று தோன்றுகிறது. ஜன்னல், மேசை, அலமாரி, சாவி ஆகிய போர்த்துகீசியச் சொற்களை வீட்டுக்குள் வைத்திருக்கும் தமிழர்க்கு இத்தகைய கலப்பு அந்நியமானதன்று.

பெயருக்கும் இரு விளக்கங்கள் உள்ளன. ஹவாய் மொழியில் 'உகு' என்பது தெள்ளுப்பூச்சியையும் 'லேலே' என்பது குதித்தலையும் குறிக்கும்; தந்திகளின் மேல் தாவும் விரல்களைக் கண்டு 'குதிக்கும் தெள்ளு' எனப் பெயரிட்டனர் என்பது பரவலான விளக்கம். ஹவாயின் இறுதி அரசி லிலியுஒகலானியோ, 'இங்கு வந்து சேர்ந்த பரிசு' என்று பொருள் கொண்டார். அவருடைய அண்ணன் மன்னர் கலாகௌவா இக்கருவியை ஆதரித்தார்; 1886-இல் நடந்த அவரது ஐம்பதாம் பிறந்தநாள் விழாவில் ஹுலா நடனத்துக்கு அது இசைக்கப்பட்டது. 1893-இல் அரசி பதவியிலிருந்து அகற்றப்பட்டார். 1898-இல் ஹவாய் அமெரிக்காவுடன் இணைக்கப்பட்டது. அடுத்த தலைமுறையில், 1915-இல் சான் பிரான்சிஸ்கோவில் நடந்த பன்னாட்டுக் கண்காட்சியின் ஹவாய் அரங்கிலிருந்து உகுலேலே மோகம் அமெரிக்கா முழுவதும் பரவியது. நாட்டை இழந்த மக்களின் கருவி, நாட்டை எடுத்துக்கொண்டவர்களின் பொழுதுபோக்காயிற்று. இந்தப் பின்னணியில் அரசியின் சொல்விளக்கத்தை வெறும் சொற்பிறப்பியலாக மட்டும் வாசித்தல் இயலாது.

மோகம் பரவியபின் பாடம் தேவைப்பட்டது. ஹவாய்க் கலைஞர் எர்னஸ்ட் காஅய் 1906-இலேயே இக்கருவிக்கு ஒரு பயிற்சி நூல் வெளியிட்டிருந்தார். 1920-களில் நியூயார்க்கின் மே சிங்கி பிரீன், பாடல்களின் அச்சுத்தாள்களில் சுரக்குறிப்புக்கு மேலே உகுலேலே கார்டுப் படங்களையும் சேர்க்குமாறு பதிப்பாளர்களிடம் வாதாடி வென்றார். இன்று எந்தத் தொடக்கநிலை மாணவரும் காணும் கட்டப்படம் அதுவே: நான்கு நெடுக்குக்கோடுகள் தந்திகள், குறுக்குக்கோடுகள் மெட்டுகள், புள்ளிகள் விரல்கள்.

இப்படத்தின் தருக்கம் மொழியியலாளர் கவனத்துக்கு உரியது. சுரக்குறிப்பு, எந்த ஒலி கேட்க வேண்டும் என்று கூறுகிறது. கார்டுப் படம், உடலின் எப்பகுதி எங்கே தொட வேண்டும் என்று கூறுகிறது. தொல்காப்பியத்தின் பிறப்பியலும் இவ்வழியையே மேற்கொள்கிறது. ஓர் எழுத்தின் ஒலி எத்தகையது என வருணிப்பதைவிட, நாவின் எப்பகுதி அண்ணத்தின் எப்பகுதியைத் தொடுகிறது என அது விளக்குகிறது. செவி பழகாதவர்க்கும் தொடும் இடத்தைக் கற்பிக்க முடியும். கார்டுப் படம் தொடக்கநிலையாளர்க்குத் தந்த விடுதலை இதுதான்: சுரம் வாசிக்கத் தெரியாதவரும், நல்ல குருவை அடைய வாய்ப்பில்லாதவரும் ஒரு தாளைப் பார்த்துத் தொடங்கலாம். அதன் இழப்பும் இங்கேயே உள்ளது. விரல் இடம் அறிந்தவர் தாம் எழுப்பும் ஒலியின் உறுப்புகளை அறியாமலே ஆண்டுகளைக் கழிக்கவும் கூடும்.

தென்னிந்தியாவுக்கு மேலை இசை வந்தது உகுலேலேக்கு வெகுகாலம் முன்பே. முத்துசுவாமி தீட்சிதர் ஐரோப்பியப் பாண்டு வாத்திய மெட்டுகளைத் தழுவி நோட்டுஸ்வரப் பாடல்களை இயற்றினார். அவருடைய தம்பி பாலுசுவாமி தீட்சிதர் வயலினைக் கர்நாடக இசைக்குக் கொணர்ந்தவர்களுள் முதன்மையானவர். மெட்டு வந்தது, கருவி வந்தது. ஆனால் பல சுரங்களை ஒருசேர ஒலிக்கும் கார்டு வரவில்லை. கர்நாடக இசையின் அழகு ஒரு சுரத்திலிருந்து மற்றொன்றுக்குச் செல்லும் வழியிலும் கமகத்திலும் இருப்பதால், சுரங்களை அடுக்கி நிறுத்தும் கார்டுக்கு அங்கு இடம் தேவைப்படவில்லை. அது தேவாலயப் பாடகர் குழுக்கள், இராணுவப் பாண்டுகள், ஆங்கிலோ இந்தியர் இல்லங்கள் ஆகியவற்றில் வாழ்ந்து, பின்னர்த் திரையிசை வழியாகவே பெருவாரியான செவிகளை அடைந்தது.

பெங்களூருவில் இவ்விரு உலகங்களும் அடுத்தடுத்து இருந்தன. 1809-இல் அமைந்த பிரிட்டிஷ் கண்டோன்மென்ட் ஒருபுறம், பழைய பேட்டை மறுபுறம். படையோடு வந்து கண்டோன்மென்டில் குடியேறியவர்களுள் தமிழர் பெருந்தொகையினர். மைசூர் அரச மரபிலோ இரு இசைகளும் ஒரே மனிதருள் கூடின. ஜெயசாமராஜேந்திர உடையார் (1919–1974) இளமையில் பியானோக் கலைஞராக விரும்பியவர். 1940-இல் அரியணை ஏறியதால் அவ்விருப்பம் கைகூடவில்லை. லண்டன் பில்ஹார்மோனியா கச்சேரிச் சங்கத்தின் முதல் தலைவராக விளங்கியதும், ரஷ்ய இசையமைப்பாளர் மெட்னரின் படைப்புகள் இசைத்தட்டாவதற்குப் பொருளுதவி செய்ததும், கர்நாடக இசையில் 94 கிருதிகளை இயற்றியதும் அவரே. அரண்மனைக்கு வாய்த்த அந்த இரட்டைக் கல்வி மெல்ல நகரத்தாரையும் எட்டியது. 1987-இல் தோன்றிய பெங்களூர் இசைப் பள்ளி போன்ற நிறுவனங்கள் அவ்விரிவின் அடையாளங்கள். கிட்டாரைவிடச் சிறியதும், மென்மையான தந்திகள் உடையதுமான உகுலேலே அந்த வாயிலை இன்னும் தாழ்வாக்கியிருக்கிறது.

இரு பாடங்களையும் அருகருகே வைத்தால் ஒரு நுட்பமான முரண் தெரிகிறது. சி என்பதை ஆதார ஷட்ஜமாகக் கொள்வோம். அப்போது சி கார்டு ச–க–ப, ஏ மைனர் த–ச–க, எஃப் ம–த–ச, ஜி ப–நி–ரி. இந்நான்கும் சங்கராபரணத்தில் முழுமையாய் அடங்குகின்றன. நோட்டுஸ்வரங்கள் அவ்விராகத்தையே பற்றியதும் தற்செயலன்று. ஆனால் மாயாமாளவகௌளையில் சுத்த ரிஷபமும் சுத்த தைவதமும் வருவதால், நான்கு கார்டுகளுள் சி ஒன்றே பிழைக்கிறது. சரளி வரிசை பயின்ற குழந்தை உகுலேலேயை எடுக்கும்போது, தன் முதல் இராகமும் தன் முதல் கார்டுகளும் ஒன்றோடொன்று பொருந்தாமையைச் சந்திக்கிறது. அதற்குக் கற்பவரின் குறை காரணமன்று. இரு மரபுகள் 'தொடக்கம்' என்பதற்கு இரு வேறு பொருள் கொண்டதன் விளைவு அது. ஒன்று தனிக்குரலைப் பண்படுத்துவதில் தொடங்குகிறது. மற்றது பிறர் பாடும் பாட்டுக்குத் துணை நிற்பதில் தொடங்குகிறது.

"நாலு கார்டு தெரிந்தால் இசைஞரா?" என்ற ஏளனத்தை இங்குதான் மறுபரிசீலனை செய்ய வேண்டியுள்ளது. இசை வரலாறு பெரும்பாலும் மேதைகளின் வரலாறாகவே எழுதப்படுகிறது. அரிச்சுவடியை ஆராயாமல் ஒரு சமூகத்தின் எழுத்தறிவு வரலாற்றை எழுத முடியாது. இசையறிவுக்கும் அது பொருந்தும். யாருக்கு முதற்பாடம் கிடைத்தது, எவ்வடிவில் கிடைத்தது, அதற்காக எவை முதலில் விலக்கி வைக்கப்பட்டன என்னும் வினாக்களுக்கு விடை முதற்பாடங்களிலேயே உள்ளது. பெங்களூருவின் இசை வகுப்புகள், தேவாலயங்கள், கருவிக்கடைகள், பழைய பயிற்சி நூல்கள் ஆகியன இன்னும் போதிய அளவு தொகுக்கப்படாத ஆவணங்கள். கன்னடம், தமிழ், ஆங்கிலம் மூன்றும் அறிந்த மாணவர்க்கு இது உடனடியாகத் தொடங்கத்தக்க களப்பணி.